கரிமக் கழிவு

முனைவர் ஞானப்பிரகாசத்தின் ஐம்பத்தாறு வருஷ வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படியான வெற்றி ஒன்றே ஒன்றுதான். அதன் அளவு நாற்பத்தியொரு சதவீதம். அதுவும் அவர் செய்த காரியத்தால் வரவில்லை, செய்த தப்பால் வந்தது. பெற்றவர்கள் பெயரில் வைத்த ஞானம் தலைவரை ஏறவில்லை என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்பது அவர் கணக்கு.

நடப்பது 2047. புகைவரி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. டீசல், கேஸ், கரண்டு என்று புகை கிளப்பும் எதை வாங்கினாலும் விலையோடு வரியும் சேர்ந்து போய்விடும். அப்படிச் சேர்ந்த பணம் முழுவதையும் மாதா மாதம் ஜனங்களுக்கே, தலைக்கு இவ்வளவு என்று சமமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புகையைக் குறைத்தவனுக்கு லாபம், கூட்டினவனுக்கு நஷ்டம். ஆகவே ஊரே போட்டி போட்டுக்கொண்டு குறைக்கும் என்பது ஏற்பாடு. அதை வடிவமைத்தவர் ஞானப்பிரகாசம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பதுதான் இப்போது கேள்வியாகியிருந்தது.

"எனக்கு ஒண்ணு புரியலை" என்றார் செயலர் வசுந்தரா, அவரைத் தன் அறையில் நிற்கவைத்துக்கொண்டு. "டீசலுக்கு வரி போடறீங்க. அந்தப் பணத்தை அவங்ககிட்டயே திருப்பிக் கொடுக்கறீங்க. அவங்க அதுல மறுபடி டீசல் போடறாங்க. நடுவுல நீங்க எதுக்கு?"

"மேடம், விலை ஏறினா நுகர்வு குறையும். அது பொருளாதாரத்தோட…"

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"ஒண்ணே முக்கால் சதவீதம்."

"நாலு வருஷத்துல?"

"ஆமா மேடம். அதுல பாதி, போன வருஷம் மழை நல்லா பெஞ்சு பம்ப்செட் ஓடாததால." உண்மை பேசுவது அவருடைய கெட்ட பழக்கங்களில் ஒன்று.

வசுந்தரா பேனாவை மூடிவைத்தார். "இந்த மாசக் கடைசியோட திட்டத்தை நிறுத்திடலாம்னு அமைச்சர் சொல்றார். ஒரு ஊர்லயாவது நிஜமா குறைஞ்சிருக்குன்னு காட்டுங்க. இல்லேன்னா நீங்க மறுபடி காலேஜ்ல பாடம் எடுக்கலாம்."

அப்படி ஒரு ஊர் இருக்கத்தான் செய்தது. உதவியாளர் தேன்மொழி திரையில் காட்டினாள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பூலாங்காட்டூர் என்று ஒரு ஊராட்சி. வரைபடத்தில் மற்ற ஊர்களெல்லாம் சமதரையில் நடக்க, அந்த ஒன்று மட்டும் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தியொரு சதவீதம்.

"சென்சார் கெட்டிருக்கும் சார்" என்றாள் தேன்மொழி.

"எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல கெடுமா? அங்க திட்டத்தைப் புரிஞ்சுக்கிட்ட ஜனங்க இருக்காங்கம்மா. நான் நேர்ல போய்ப் பார்க்கறேன்."

சென்சார் என்று அவள் சொன்னதை ஜனங்கள் மூக்கு என்பார்கள். வீட்டுக்கு வீடு சுவரில் ஒட்டியிருக்கும் தீப்பெட்டி அளவுக் கருவி அது. அடுப்பு, வண்டி, கரண்டு என்று வீட்டுப் புகை எல்லாவற்றையும் மோந்து சென்னைக்குச் சொல்லும். அதைவிட முக்கியமாக, மூச்சை வைத்து வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிவிடும். செத்தவர்கள் ரேஷன் வாங்கிக்கொண்டிருந்த நாட்டில் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பதென்றால், மூச்சு விடுகிற தலையா என்று பார்த்துத்தானே ஆகவேண்டும்?

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்த மூக்கின் குட்டித் திரையில் அந்த வீட்டுக்குத் திருப்பித் தரும் தொகை தெரியும். அதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று நாலு வருஷம் முன்பு ஒரு குழு கூடியது. தள்ளுபடி என்றார் ஒருவர், ஊக்கத்தொகை என்றார் இன்னொருவர். ஞானப்பிரகாசம் அகராதியோடு போயிருந்தார். விலையிலோ வரியிலோ திருப்பித் தருவதற்கு நல்ல தமிழில் கழிவு என்று பெயர், வரிக்கழிவு என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று நாற்பது நிமிஷம் பேசினார். பசி நேரம். குழு ஒத்துக்கொண்டது. "கழிவுன்னா ஜனங்க வேற நினைக்க மாட்டாங்களா சார்?" என்று கேட்ட ஒருவரிடம், "ஜனங்களுக்குத் தமிழ் தெரியும்" என்று பதில் சொன்னார். திரையில் எழுத்துக்கு இடம் போதவில்லை. 'ரூபாய்' என்பதை எடுத்துவிடச் சொன்னதும் அவரேதான். "கரிமக் கழிவு" என்றும் கீழே ஒரு எண்ணும் மட்டும் நின்றன.

பூலாங்காட்டூர் ஊராட்சி அலுவலகம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. தரையில் ஒரு காகிதத் துண்டு கிடையாது. மாநிலத்திலேயே சுத்தமான ஊராட்சி என்று வாங்கிய கேடயம் வாசலில் தொங்கியது. எழுத்தர் மாதேஸ்வரன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சார், வாங்க. சென்னைல இருந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. போர்டைப் பார்த்தீங்களா?"

சுவர் முழுக்க ஒரு கரும்பலகை. இடது பக்கம் எல்லா வீட்டுக்காரர்களின் பெயரும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மூன்று பத்திகள். முதல் பத்தியின் தலைப்பு மக்கும் கழிவு, கிலோவில். இரண்டாவது மக்காத கழிவு. மூன்றாவது கரிமக் கழிவு.

ஞானப்பிரகாசம் மூன்றாவது தலைப்பை இரண்டு தடவை படித்தார்.

"இந்த மூணாவது பத்தி…"

"நாமளே சேர்த்துனதுங்க" என்றார் மாதேஸ்வரன் பெருமையாக. "மொத ரெண்டு கழிவுலயும் நாங்கதானுங்க பர்ஸ்ட்டு. இந்தக் கரிமக் கழிவு மட்டும் உடாமப் படுத்துதுங்க. என்ன பண்ணுனாலும் வருசா வருசம் ஏறுது. ஆனா உடமாட்டோமுங்க சார்."

வருஷா வருஷம் ஏறத்தான் செய்யும். வரியை வருஷா வருஷம் ஏற்றினால் திருப்பித் தருவதும் ஏறாதா? தலைக்கு முந்நூறாக இருந்தது இப்போது தொள்ளாயிரம். இந்த ஊர் அந்தப் பணத்தைத் தான் கொட்டிய குப்பை என்று எண்ணிக்கொண்டு, வெட்கப்பட்டு, நாலு வருஷமாகப் புகையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

"மாசா மாசம் பதினஞ்சாம் தேதி பேங்க்ல பணம் வருதே, அது எதுக்குன்னு…?"

"கவர்மெண்டு ஆயிரம் பேர்ல பணம் போடுதுங்க. எதுக்குன்னு கேட்டா திருப்பி எடுத்துக்குவாங்கன்னு யாரும் கேக்கறதில்லீங்க."

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஞானப்பிரகாசம் பின்னால் நூறு தடவை இந்த இடத்துக்குத் திரும்பி வந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அப்போது சொல்லவில்லை. எப்படிக் குறைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று ஒரு ஆராய்ச்சி அரிப்பு. அரிப்பு என்று இப்போது சொல்கிறார், அன்றைக்கு அதற்கு அறிவியல் ஆர்வம் என்று பெயர்.

"பாவாயியக்கா வீட்டுக்குப் போங்க சார்" என்றார் மாதேஸ்வரன். "ஒரே மாசத்துல அறுநூறு கொறைச்சவங்க. அவிகளப் பார்த்துத்தான் மத்தவங்களும் கத்துக்கிட்டது."

பாவாயிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வடக்கே போய் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். வீட்டில் அவளும் ஒரு மகளும் ஒரு மகனும் மாமனார் ராக்கியண்ணனும். பிரிட்ஜுக்குள் துணிகளை மடித்து வைத்திருந்தாள். டிவி இருந்த இடத்தில் சதுரமாக வெளுத்த சுவர்.

"என்னென்னமோ பண்ணிப் பார்த்தோமுங்க" என்றாள், மோரை நீட்டியபடி. "பிரிட்ஜை நிறுத்துனோம், கொறையல. மிக்சிய நிறுத்துனோம், கொறையல. ஒரு ஐப்பசி மாசம் நாப்பது கொறஞ்சுது. என்னடான்னு பார்த்தா, அந்த மாசம் எம்பையன் காலேஜுக்குச் சைக்கிள்ல போனான். அன்னைலிருந்து சைக்கிளுதான்."

அந்த ஐப்பசியில் மாநிலம் முழுவதுமே வசூல் குறைந்ததால் எல்லோருக்கும் தலைக்கு எட்டு ரூபாய் குறைந்தது. பாவாயி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றால்தான் இன்னொன்று என்று முடிவு கட்டியிருந்தாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவரும் முப்பது வருஷமாக அதையேதான் செய்கிறார், சம்பளத்தோடு.

"அறுநூறு எப்படிம்மா குறைஞ்சுது?"

பாவாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எம்பொண்ணுக்கு ஒரு வரன் வந்துதுங்க. நல்ல எடம். வந்தவங்க போர்டைப் பார்த்துட்டு, இந்த வீட்ல கழிவு சாஸ்தின்னு திரும்பிப் போய்ட்டாங்க. அன்னைக்கு எங்கத்தை சொன்னாங்க. மூச்சும் கரிதான்னு பள்ளிக்கொடத்துல சொல்லித் தர்றாங்களாமே, எனக்குத்தான் இளைப்பு, ஒண்ணுக்கு ரெண்டா இழுக்குறேன், என்னாலதான் இந்த வீட்டுக்கு இம்புட்டுக் கழிவுன்னு. வேண்டாமுங்கத்தைன்னு சொன்னேன். கேக்கல. சேலத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்குது, அங்க கொண்டுபோய் உட்டோம். அடுத்த மாசம் மூணாயிரம் ரெண்டாயிரத்து நானூறாச்சுங்க."

ஞானப்பிரகாசம் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஐந்து தலை, தலைக்கு அறுநூறு. ஒரு தலை போனால் இரண்டாயிரத்து நானூறு. வரி என்னென்னவோ சாதிக்கும் என்று அவர் கட்டுரை எழுதியிருக்கிறார். மாமியாரை வீட்டைவிட்டு அனுப்பும் என்று எழுதவில்லை.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போன தை மாசம் போய்ச் சேர்ந்துட்டாங்க." பாவாயி இதைச் சொன்னபோது சுவரில் இருந்த மூக்கைப் பார்த்தாள். "வர்ற புதன்கெழமை மாமாவும் கெளம்பறாரு. தடுத்தும் கேக்கல."

மூலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்த ராக்கியண்ணன், "எனக்கென்ன, அங்க சுடுதண்ணி எல்லாம் வருதாமா" என்றார்.

ஞானப்பிரகாசம் தம்ளரைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார். கழிவு என்றால் குப்பை இல்லை, உங்களுக்குத் திருப்பித் தந்த பணம். அதிகமாக இருந்தால் நல்லது. எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனைக்கும் தருவது. அந்தப் பெயரை வைத்த முட்டாள் நான்தான்.

பாவாயி தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்போ எங்கத்தை இருந்திருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். பிறகு தணிந்த குரலில், "ஏனுங்க சார், இதை ஊராட்சி ஆபீஸ்ல யாருட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்லை."

"சொல்லாதீங்க. இந்த ஊர்ல எங்களோட சேத்துப் பதினேழு வீட்ல ஆளை அனுப்பியிருக்காங்க. மத்தவங்க எங்களைப் பார்த்துத்தான் அனுப்புனாங்க. எனக்காச்சும் ஒருத்தரோட போச்சு. இது தெரிஞ்சா அத்தனை வீட்லயும் சோறு எறங்காது. கும்புட்டுக் கேட்டுக்கறேன். மாமாவை நான் எங்கயும் அனுப்பமாட்டேன். மத்தது அப்படியே இருக்கட்டும்."

"மத்த வீடுகள்ல இன்னும் யாரையாவது அனுப்பிட்டா?"

"நான் எதாச்சும் சொல்லித் தடுக்கறேனுங்க."

சரி என்றார். அவளுக்காகத்தான் சரி என்றார். அதே சமயம் நாற்பத்தியொரு சதவீதமும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது, திட்டமும் பிழைத்தது. இரக்கமும் சுயநலமும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்து இறங்கினால் எது எது என்று யாரால் பிரித்துச் சொல்லமுடியும்? ஊர் திரும்பும்போது அவர் மனசு லேசாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் கூசுகிறது.

அறிக்கை போயிற்று. 'மக்கள் திட்டத்தை ஆழமாக உள்வாங்கிக்கொண்ட ஊர்களில் உமிழ்வு குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது' என்று எழுதினார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் பொய். திட்டம் இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. வசுந்தரா முதல் தடவையாக அவரை உட்காரச் சொன்னார். "அமைச்சரே பூலாங்காட்டூர் போய் பாராட்டு விழா நடத்தப்போறார். அவர் பேச்சுக்கு வேண்டிய குறிப்பை உங்க ஆபீஸ்லேர்ந்து கொடுத்துடுங்க."

தேன்மொழி குறிப்பைத் தயார்செய்தாள். ஞானப்பிரகாசம் முதல் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விழா பள்ளிக்கூட மைதானத்தில், காலை பத்து மணிக்கு. புகை குறைத்த ஊரைப் பாராட்ட அமைச்சர் பதினொரு கார்களோடு வந்து இறங்கினார். மேடையில் ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய மூக்கு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பச்சை விளக்கோடு. மாதேஸ்வரன் புதுச் சட்டையில் ஓடிவந்து ஞானப்பிரகாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இந்த மாசம் இன்னும் ரெண்டு வீட்ல கொறைச்சிருக்கோமுங்க. மொத்தம் பத்தொம்பது!"

பத்தொன்பது. பாவாயியால் தடுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லாமல் அவள் எதைச் சொல்லித் தடுப்பாள்? அந்த இரண்டு பேரும் அவருடைய மௌனத்தால் போனவர்கள். அதற்கு அகராதியில் வேறு பொருள் தேட முடியாது.

அமைச்சர் பேச எழுந்தார். "என் உயிரினும் மேலான பூலாங்காட்டூர் மக்களே!" என்று ஆரம்பித்து, இரண்டு பக்கம் நல்லபடியாகப் போயிற்று. மூன்றாவது பக்கத்தில் திட்ட விளக்கம். நாலு வருஷம் முன்பு ஞானப்பிரகாசமே எழுதிய பத்தியைத் தேன்மொழி அப்படியே சேர்த்திருந்தாள். நல்ல பத்தி. தெளிவான தமிழ்.

"கரிமக் கழிவு என்றால் என்ன? உங்களிடம் பெற்ற வரியை, உங்கள் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும், ஆளுக்கு இவ்வளவு என்று உங்களுக்கே திருப்பித் தரும் தொகை! வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் அவருக்கும் சேர்த்துத் தருகிறோம்! உங்கள் திரையில் தெரிவது நீங்கள் வெளியிட்ட புகை அல்ல, நீங்கள் பெற்ற பணம்!"

கைதட்டலுக்காக நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. ஞானப்பிரகாசம் மேடையில் திருடனைத் தேள் கொட்டியதுபோல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வரிசையில் செங்கோடன் என்று ஒருவர் எழுந்தார். இரண்டு வாரம் முன்பு அம்மாவை அனுப்பியவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண்ஜாதி, "எங்கீங்க போறீங்க?" என்றாள். அவர் நடந்தார். மைதானத்துக்கு வெளியே, நாலு வருஷமாக எடுக்காத அவருடைய டெம்போ இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. அதற்குப் பிறகு ஒருவர் எழுந்தார், அடுத்து மூன்று பேர், அடுத்து ஒரு வரிசையே. வேன், டிராக்டர், பழைய அம்பாசடர், போர் வண்டிகூட ஒன்று. எல்லாம் சேலம் ரோட்டைப் பார்த்துத் திரும்பின. மேடையில் பெரிய மூக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போய், சிவப்பாகி, கூவ ஆரம்பித்தது.

"என்னய்யா, சாப்பாடு போட்டுட்டாங்களா அதுக்குள்ள?" என்று அமைச்சர் உதவியாளரைக் கேட்டார்.

ஞானப்பிரகாசம் மேடையை விட்டு இறங்கினார். காலியான நாற்காலிகளுக்கு நடுவில் பாவாயி மட்டும் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மாமனார்.

"நான் சொல்லலைம்மா. ஆனா நான் எழுதினதுதான்" என்றார்.

"தெரியுமுங்க." அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லதாப் போச்சு. நான் கும்புட்டுக் கேட்டது தப்புங்க. அந்த ரெண்டு பேரு என்னாலயும்தான் போனாங்க."

நாற்பது நிமிஷம் பேசுகிற மனிதர் அன்றைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ராக்கியண்ணன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "வா ஆத்தா. நாமளும் போலாம்."

"எங்கீங்க மாமா? அங்க யாரு இருக்கறா?"

"அவ படுத்திருந்த கட்டிலாச்சும் இருக்குமில்ல. ஒருவாட்டி பார்த்துட்டு வந்தர்லாம்."

அவர்கள் வீட்டில் வண்டி இல்லை. ஞானப்பிரகாசத்தின் ஆபீஸ் ஜீப் அரசமரத்தடியில் நின்றிருந்தது. டீசல் வண்டி. தன் ஆபீஸ் வண்டிகளுக்குப் புகைவரி விலக்கு என்று அவரே உத்தரவு போட்டிருந்தார். பின் கதவைத் திறந்துவிட்டார். இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தேன்மொழி போனில் வந்தாள். "சார், பூலாங்காட்டூர் கிராஃப் பிச்சுக்கிட்டு மேல போகுது. நாலு வருஷத்துல இப்படி ஏறினதே இல்லை. அங்க என்ன நடக்குது? காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, என்ன போடறது?"

முன்னால் ரோடு தெரியாத அளவுக்குப் புகை. வண்டிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போயின.

"வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்கன்னு போடும்மா. பதினெட்டு வீட்லேர்ந்து."

"பத்தொன்பது வீட்ல தலை குறைஞ்சிருக்குன்னு இங்க காட்டுதே சார். மிச்சம் ஒரு வீடு?"

பாவாயி அவருடைய பின் சீட்டில்தான் அழுதுகொண்டிருந்தாள். அவர் போனை வைத்துவிட்டார்.